துவாய் யானை

கிங்ஸ்பரி,
8 பெப்ரவரி 2025

அன்புள்ள கனகம்,

இது நான் எழுதுகிற கடிதம். நானே எழுதுகிறேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. நம்பாவிட்டால் இன்னொரு தரம் வாசியும்.

ஆறு மாதமாகச் சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன் என்று சுஜீத் வீட்டில் சொல்லிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் பாலேந்திரா மாஸ்டரிடம் படிக்கிறேன். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு முடிந்தபிறகு அதே குட்டிக் கதிரையில் எனக்கு ஒரு மணித்தியாலம். முழங்கால் நாடியில் முட்டும். "அண்ணை, நீங்கள் வீட்டுப்பாடம் செய்யாட்டி நான் ஆரைக் கூப்பிட்டு முறையிடுறது?" என்று மாஸ்டர் பகிடி விடுவார். கனகத்தை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

இதுவரை எழுதியதற்கு இரண்டு நாள் ஆயிற்று. தாளில் நிற்கிறது கனகம். காலையில் எழும்பிப் பார்த்தாலும் அப்படியே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைக்கிறோம். போன் மேசையில் கிடக்கும். சுற்றிவர எல்லாரும் நிற்பார்கள். "சாப்பிட்டீரோ?" "ஓம்." "முழங்கால் எப்படி?" "இருக்கு." அதோடு சரி. வருடத்தில் நாலைந்து தரம் நேரிலும் காண்கிறோம். அப்போதும் யாராவது ஒருவரின் பிறந்தநாள் கேக்குக்கு அந்தப் பக்கம் நீர், இந்தப் பக்கம் நான். உம்மோடு தனியாகக் கதைத்துப் பதினொரு வருடம். அதற்குத்தான் எழுதப் பழகினேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் எனக்கு எழுபத்தைந்து. அதற்காகப் பிள்ளைகள் சுஜீத்தும் சிவரூபினியும் சேர்ந்து தென்னாபிரிக்காவில் ஒரு காட்டு விடுதி எடுத்திருக்கிறார்கள். குதிரையில் ஏறிப் போய்க் காட்டு மிருகங்களைப் பார்க்கிற இடம். சிங்கம் இல்லாத காடாம், அதனால் குழந்தை குட்டியோடு போகலாமாம். பேரன் ஹரிசனின் குதிரைப் பைத்தியம்தான் காரணம், என் பிறந்தநாள் சும்மா சாட்டு. பரவாயில்லை.

மருமகள் பிறேமினி படம் காட்டினாள். புல் வேய்ந்த குடில்கள். சுஜீத் குடும்பத்துக்கு ஒன்று. சிவரூபினி குடும்பத்துக்கு ஒன்று. மூன்றாவது சின்னது, இரண்டு கட்டில் போட்டது. "இது உங்களுக்கும் மாமிக்கும்" என்றாள். நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

ஐந்து நாள் ஒரே கூரை. வாரும் கனகம். உம்மைக் குதிரையில் ஏறச் சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார்கள். வாசலில் கதிரை போட்டு இரும். நான் போய்வந்து என்ன கண்டேன் என்று சொல்வேன். எப்போதும் நீர்தானே எனக்குச் செய்தி சொன்னீர்.

இன்னும் ஒன்று. கலியாணம் முடித்த முதல் வருடம் எனக்கு எழுத்துச் சொல்லித்தாரும் என்று கேட்டேன். சுஜீத் பிறந்தபிறகும் ஒருதரம் கேட்டேன். ஏன் சொல்லித்தரவில்லை? கோபமில்லை. இதில் இவ்வளவு சந்தோசம் இருக்கிறது என்று உமக்குத் தெரியும்தானே, அதனால் கேட்கிறேன்.

உம்முடைய,
அம்பலம்

(உறையில் விலாசம் ஆங்கிலத்தில். பார்த்துக் கீறினேன். வந்து சேர்ந்தால் அதுவும் வெற்றிதான்.)


ஸ்ட்ரெதம்,
17 பெப்ரவரி 2025

இஞ்சாருங்கோ,

கடிதத்தில் உங்களை எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. நாற்பத்தொன்பது வருடத்தில் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுதியிருந்தால் நானே வந்து வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தது. சிவரூபினி வேலைக்குப் போயிருந்தாள். உறையைக் கண்டு ஹரிசன் பள்ளிக்கூடத்தில் கீறின படமாக்கும் என்றுதான் நினைத்தேன். உள்ளே 'அன்புள்ள கனகம்' என்று கிடந்தது. படியில் இருந்துவிட்டேன். ஒருவருக்கும் காட்டவில்லை. என் சேலைப் பெட்டியில் இருக்கிறது.

நல்ல எழுத்து. வரிகள் மட்டும் மலை ஏறுகின்றன. கோடு போட்ட தாள் வாங்குங்கள்.

நான் வரவில்லை. முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறேன். பதினொரு மணித்தியாலம் விமானத்தில் காலை மடித்துக்கொண்டு இருக்க ஏலாது. எழுபது வயதில் எனக்கு என்ன குதிரைச் சவாரி? உங்களுக்கும்தான் என்ன? விழுந்து இடுப்பு முறிந்தால் யார் பார்ப்பது?

குறை சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். பதினொரு வருடத்துக்குப் பிறகு ஐந்து நாள் என்று நீங்கள் துள்ளுகிறீர்கள். அந்தப் பதினொரு வருடமும் எப்படி வந்தது? ஹரிசன் பிறக்கிற மாதம் சுஜீத், அம்மா எந்த வீட்டில், அப்பா எந்த வீட்டில் என்று போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். "அப்பா, உங்களுக்குச் சரிதானே?" என்று கேட்டான். நீங்கள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஓம், நல்லாயிருக்கு" என்றீர்கள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். பழையதைக் கிண்டி என்ன பயன்? பிரஷர் குளிசையை மறக்கவேண்டாம்.

கனகாம்பிகை


கிங்ஸ்பரி,
1 மார்ச் 2025

அன்புள்ள கனகம்,

கோடு போட்ட தாள் வாங்கிவிட்டேன். பாரும், வரிகள் இறங்கிவந்துவிட்டன.

உம்முடைய கடிதத்தை வாசிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. அந்தத் தாளைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அடுத்த நாள்தான் மிச்சம் வாசித்தேன்.

கனகம், எனக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியாது. உமக்குத் தெரியாததா? அம்மா அப்பா வாசிக்க வேண்டும் என்று அவன் தமிழிலேயே அடித்துக் கொண்டுவந்திருந்தான். கட்டம் கட்டமாய் இருந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருமகன் லதீசனும் நின்றார். பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு எழுத்துத் தெரியாது என்று காட்டிக்கொடுக்கிறதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் வைத்திருந்த ஒழுங்கு. காலமையில் நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு இருப்பேன், நீர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அதில் உள்ளதைச் சொல்வீர். பிறகு பிள்ளைகளிடம் நான் அதையே கதைப்பேன். அப்படித்தானே சமாளித்தோம்?

விளங்காத இடத்தில் நான் எப்போதும் ஓம் என்றுதான் சொல்வேன். பேக்கரியில் வேலை செய்த இருபது வருடமும் அப்படித்தான். கெதியாய் ஓம் என்றால் ஒருவரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். அன்றைக்கும் அதே ஓம்தான். சிவரூபினியின் பிள்ளைப்பேறு பார்க்கத்தானே போகிறீர் என்று நினைத்தேன். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழித்தபிறகு வந்துவிடுவீர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்து வாசலில் இருந்தேன். பின்னேரம் சுஜீத் வந்து, "என்னப்பா வெளியிலை இருக்கிறியள்? அம்மா அங்கைதானே இனி. அண்டைக்கு வாசிச்சனீங்கள் எல்லே?" என்றான்.

அதற்கும் ஓம் என்றேன்.

போனில் நீரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே இருக்க உமக்கு விருப்பம்போல என்று நினைத்தேன். வாயால் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் பிழை.

இப்போது கேட்கிறேன். காட்டுக்கு வாருமன். முழங்காலுக்கு முன் வரிசை இருக்கை எடுக்கலாம் என்று பிறேமினி சொல்கிறாள்.

உம்முடைய,
அம்பலம்


ஸ்ட்ரெதம்,
24 மார்ச் 2025

இஞ்சாருங்கோ,

பதில் எழுதப் பிந்திவிட்டது. நாலு தரம் தொடங்கிக் கிழித்தேன்.

நான் வரவில்லை. சிவரூபினியிடம் ஒரு பை கொடுத்துவிடுகிறேன். அதில் தடித்த காலுறை மூன்று சோடி, நோவெண்ணெய், கொஞ்சம் பருத்தித்துறை வடை இருக்கின்றன. வடையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடிக்கவேண்டாம், உங்களுக்குத்தான். அங்கே காலையில் குளிருமாம். தொப்பி போடுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றதுகளுக்கு இப்போது பதில் சொல்ல ஏலாது. போய்ச் சந்தோசமாய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கனகாம்பிகை


காட்டு விடுதி, தென்னாபிரிக்கா,
14 ஏப்ரல் 2025

அன்புள்ள கனகம்,

இன்றைக்குச் சித்திரை வருடப் பிறப்பு. கைவிசேடக் காசு கொடுக்க நீர் இல்லை. வடையில் கடைசி இரண்டைக் காலமை சாப்பிட்டேன். இங்கே தபாற்பெட்டி இல்லை. லண்டன் வந்துதான் இதைப் போடுவேன். ஆனால் இங்கேயே எழுதினால்தான் இங்கே இருக்கிற மாதிரி இருக்கும்.

குதிரை ஏறினேன்! விழவில்லை!

குதிரைக்குப் பெயர் ஊபா. இந்த ஊர்ப் பாசையில் தாத்தா என்று அர்த்தமாம். எங்களைக் கூட்டிப்போகிற தாபோ என்பவர் ஒவ்வொருவரின் நிறையையும் வயதையும் கேட்டு ஆளுக்கேற்ற குதிரையைத் தந்தார். எனக்குத் தாத்தா, தாத்தாவுக்கு நான். சாம்பல் நிறம், பெரிய வயிறு, எந்நேரமும் புல். ஏறுவதற்கு மரப்படி வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாளும் தாபோ என் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தன் குதிரையில் முன்னால் போனார். நேற்றுக் கயிற்றைக் கழற்றிவிட்டார். ஹரிசன் பின்னால் இருந்து, "அம்மப்பா, யூ ஆர் ரைடிங்!" என்று கத்தினான்.

ஏற முதல் நடந்ததைச் சொல்லவேண்டும். முதல் நாள் காலமை எல்லாரும் தலைக்கவசம் போட்டு நிற்கிறார்கள். விடுதிக்காரி ஒரு படிவம் தந்து கையெழுத்துக் கேட்டாள். ஆங்கிலம். சுஜீத் போனில் அதைத் தமிழாக்கி என் கையில் தந்தான். "சும்மா பாத்திட்டு ஓம் எண்டு போடுங்கோ அப்பா, எல்லாரும் நிக்கினம்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரப்படியில் இருந்தேன். விரலை வைத்து, வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாய் வாசித்தேன். குதிரை சொல்வழி கேளாமல் போகக்கூடும். அதனால் காயம் வரக்கூடும். அதை அறிந்தே ஏறுகிறேன்.

"மாமா, குதிரைக்கு வயசு போயிடும்" என்று பிறேமினி சிரித்தாள்.

"போகட்டும் பிள்ளை. முழுக்க வாசிச்சாப்பிறகுதான் ஓம்."

சுஜீத் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். "என்னப்பா இப்பிடி எழுத்துக்கூட்டி வாசிக்கிறியள்? நீங்கள் ஒவ்வொரு நாளும் பேப்பர் பாக்கிறனீங்கள் எல்லே?"

"பாத்தனான்தான் மோனை. வாசிச்சது அம்மா. நான் எட்டு மாதமாத்தான் படிக்கிறன். நான் வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வைக்கிற முதல் தாள் இது."

சிவரூபினி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கையெழுத்து வைத்தேன். கீறல் இல்லை கனகம், முழுப் பெயர்.

அடுத்த நாள் சுஜீத் தன் குதிரையை என் பக்கத்தில் கொண்டுவந்தான். கொஞ்சத் தூரம் கூடவே வந்தான். பிறகு, "அப்ப நான் தந்த அந்தத் தாள்?" என்றான்.

"அதுவும்தான்."

அவன் குதிரை நின்று புல் தின்னத் தொடங்கியது. அவன் கடிவாளத்தை இழுக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கனதூரம் போனபிறகும் அந்த இடத்திலேயே குனிந்து இருந்தான்.

நேற்று ஒட்டகச்சிவிங்கிகளைக் கண்டோம். ஏழு. நடந்து போனால் ஓடிவிடுமாம். குதிரைமேல் இருந்தால் மனிசனையும் குதிரையில் ஒரு பாகம் என்று நினைத்து நிற்குமாம். மிகக் கிட்ட நின்றது ஒன்று. கண்மயிர்கூடத் தெரிந்தது. உடனே இதைக் கனகத்துக்குச் சொல்லவேண்டும் என்று குடிலுக்குத் திரும்பினேன். வாசலில் கதிரை இல்லை.

குடிலில் இரண்டு கட்டில். உம்முடைய கட்டிலில் துவாயை யானை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். தும்பிக்கை எல்லாம் இருக்கிறது. என் கட்டிலிலும் ஒன்று, அதால் முதல் நாளே குளித்துவிட்டுத் துடைத்துவிட்டேன். உம்முடையதைத் தொடவில்லை. துப்பரவாக்க வருகிற பெண்ணிடமும் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

கனகம், பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா திரும்பி வாறதெண்டால் மேல் அறையைத் திருத்தித் தருகிறேன் என்று சுஜீத் சொல்கிறான். ஹரிசன் வளர்ந்துவிட்டான், இனிப் பார்க்க ஆள் தேவையில்லை என்று சிவரூபினியும் சொல்கிறாள். இந்த முறை தாள் இல்லை. நான் கேட்கிறேன். வருவீரோ?

உம்முடைய,
அம்பலம்


ஸ்ட்ரெதம்,
5 மே 2025

இஞ்சாருங்கோ,

இதை ஆறுதலாக வாசியுங்கள். பிறேமினியிடம் கொடுக்கவேண்டாம்.

ஒட்டகச்சிவிங்கியை ஹரிசன் படத்தில் காட்டினான். ஊபாவையும் கண்டேன். நீங்கள் முதுகை நிமிர்த்தி இருந்தீர்கள். உங்களை அப்படி நான் கண்டதில்லை.

அந்தத் தாளை உங்களுக்கு முதல் நான் வாசித்தேன். சுஜீத் குசினிக்குள் வந்து எனக்குத்தான் முதலில் காட்டினான். 'அம்மா, ஸ்ட்ரெதம்' என்று இருந்த கட்டத்தில் முடிவுத் திகதி இல்லை. "அப்பாவும் ஓம் எண்டால் சரி" என்றேன். பிறகு வந்து மூலையில் நின்று நீங்கள் கண்ணாடி போடுவதைப் பார்த்தேன். நீங்கள் வாசிக்கவில்லை என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். முதல் கடிதத்தில் நீங்கள் ஓம் சொன்னதைக் குறையாக எழுதினேன். அது பொய்க்குறை.

அன்றைக்கு இரவு உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தாளையும் அப்படித்தானே சொன்னேன். சொல்லவில்லை.

களைத்துப்போயிருந்தேன். முப்பத்தெட்டு வருடம் கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், பேக்கரிக் கடிதம், மருந்துப் போத்தல், பஸ்சின் பெயர் எல்லாவற்றுக்கும் நான். என் கண்ணில் பாதி உங்களுடையது. கொஞ்ச நாள் இல்லாமல் இருந்து பார்ப்போம் என்று நினைத்தேன். நீங்களே தேடி வந்து கேட்பீர்கள், அப்போது திரும்பிவரலாம் என்றும் நினைத்தேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்காததை நானும் பெரிய கோபமாய் வளர்த்து வைத்துக்கொண்டேன். வாசலில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஏன் சொல்லித்தரவில்லை என்று கேட்டீர்கள். முதல் தரம், "நான் இருக்கிறன்தானே" என்றேன். இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். உங்களுக்கு எழுத்துத் தெரிந்தால் பிறகு எனக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்ற பயம். வேறு காரணம் இல்லை. பாலேந்திரா மாஸ்டருக்கு ஆறு மாதம் ஆயிற்று. எனக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

குடிலுக்கு நான் வராததும் முழங்காலால் அல்ல. இரண்டு கட்டிலுக்கு நடுவில் இதைச் சொல்லவேண்டி வரும் என்றுதான்.

மேல் அறையைத் திருத்தவேண்டாம் என்று சுஜீத்திடம் சொல்லுங்கள். அவன் தன் தாளை நினைத்து அழுதான் என்று சிவரூபினி சொன்னாள். பிழை அவனுடையதில்லை. அந்த மேசையில் வந்து இருந்து உங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்க்க எனக்கு ஏலாது.

கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தவேண்டாம்.

கனகாம்பிகை


கிங்ஸ்பரி,
19 மே 2025

கனகாம்பிகைக்கு,

உம்முடைய கடிதத்தை வாசிக்க ஐந்து நாள் பிடித்தது. இரண்டு தாள், நாலு பக்கம் இருக்கும் என்று நினைத்தேன். மூன்றுதான்.

பிறேமினி, "மாமா, வாசிச்சுத் தரட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சுஜீத்துக்குச் சொன்னது இவ்வளவுதான்: அம்மா வரவில்லை, அறையைத் திருத்தவேண்டாம், உன்னில் பிழை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு போனது. பஸ்சின் பெயரைக்கூட உம்மிடம் கேட்டேன் என்றது உண்மைதான். அது எவ்வளவு களைப்பு என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. இப்போது ஒரு பக்கம் வாசித்தாலே எனக்குத் தலை இடிக்கிறது. அதற்காக மன்னியும்.

ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாமலே இருந்திருந்தால், இந்தக் கடிதத்தையும் நீர்தான் எனக்கு வாசித்துக் காட்டியிருப்பீர். எந்த இடத்தை விட்டுவிட்டு வாசித்திருப்பீர்?

அதற்கு முதல் வாசித்துக் காட்டினதுகளையும் இப்போது யோசிக்கிறேன். யோசிக்கவேண்டாம் என்றுதான் பார்க்கிறேன்.

காட்டிலிருந்து வெளிக்கிட்ட அன்று காலமை பெட்டி கட்டும்போது அந்தத் துவாயைக் குலைத்துவிட்டேன். துவாயை யானையாய் மடிக்கிறது எப்படி என்று அந்தப் பெண் எனக்குச் செய்து காட்டினாள். இரண்டு தரம் செய்து பார்த்தேன். உமக்குக் காட்டலாம் என்று பழகினது. இங்கே வந்து செய்தேன், தும்பிக்கை நிற்கவில்லை.

கடிதம் எழுதுவதை நிறுத்தவேண்டாம் என்கிறீர். பார்ப்போம். மாஸ்டர் இப்போது வாசிக்கப் புத்தகம் தந்திருக்கிறார். அப்போது முப்பத்தொரு நாள் எண்ணினேன். இந்த முறை எண்ணமாட்டேன்.

முழங்காலைக் குளிரில் விடவேண்டாம்.

உம்முடைய கடைசித் தாளைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இப்படிக்கு,
வ. அம்பலவாணன்